ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலி

ஜனவரி 12

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

நான் மேல்மாடி வாசகர் வட்டத்தின் செயலாளர். எடை அளவு ஆய்வாளராகப் பணிபுரிவதால் வட்டத்தில் என்னைத் 'தராசு' என்று அழைக்கிறார்கள். இவ்விரண்டும் தாங்கள் அறிந்தவையே. எனினும், அழைப்புக் கடிதம் எழுதுபவர் தாம் யார், எதற்காக எழுதுகிறார் என்பதை முதல் பத்தியிலேயே கூறவேண்டும் என்பது வட்டத்தின் முறை. நோக்கம் இது: பிப்ரவரி 21, சனிக்கிழமை மாலை நூலக மாடியில் நடைபெறும் கூட்டத்துக்குத் தங்களைச் சிறப்பு எழுத்தாளராக அழைக்கிறேன்.

தங்கள் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்த செய்தியைத் தலைவரான மருந்துக்கடைக்காரர்தாம் கொண்டுவந்தார். நூலை இருமல் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்திருக்கிறார். கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுகிறார். நம் ஊர்க்காரர் ஒருவரை வேறு யாரேனும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதற்குமுன் நாம் கூப்பிட்டுவிட வேண்டும் என்று முன்மொழிந்தார். அனைவரும் கை உயர்த்தினார்கள். நான் நடுநிலை வகித்தேன்.

ஒழுங்குமுறையில் மாற்றம் இல்லை. முதற்பாதி திறந்த மேடை; பெயர் கொடுத்தவர்கள் வாசிக்கலாம். பிற்பாதி சிறப்பு எழுத்தாளருக்குரியது. ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும் கலந்துரையாடல். விதி ஏழின்படி, வாசித்த எழுத்தாளர் தம் படைப்பு பேசப்படும்போது ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலியில் அமர்ந்திருக்கவேண்டும். வாய் திறக்கக் கூடாது. அவர் முகம் பார்த்து யாரும் கருத்தை மாற்றிக்கொள்ளலாகாது என்பதற்காகவே நாற்காலி அவ்வாறு திருப்பப்பட்டது. இறுதியில் செயலாளர் சபையின் கருத்தை ஒரே வாக்கியத்தில் தொகுத்துரைப்பார்.

தங்கள் இசைவை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்

பி.கு.: தங்கள் கறுப்புக் குடை கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்குகிறது. ஒரு கம்பி வளைந்திருந்தது. நிமிர்த்திவிட்டேன்.

---

ஜனவரி 19

குட்டியின் அப்பாவுக்கு,

இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த பெண்டாட்டியிடம் 'நான் இன்னார்' என்று அறிமுகம் செய்துகொண்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். வேலை நேரத்தில், மருத்துவமனையில் வைத்துப் பிரித்தேன். சிரிப்பு தாங்கவில்லை. பல் டாக்டர், பிடுங்கின பல்லைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்றார். "இல்ல டாக்டர், எங்க வீட்டுக்காரர் என்னைத் தாங்கள்னு கூப்பிட்டிருக்கார்" என்றேன். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்த நோயாளிகூடச் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது.

வீட்டை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிரிவு விண்ணப்பத்தை இரண்டு முறை உங்களுக்கு அனுப்பினேன். முதல் முறை, முகவரியில் கதவு எண் விடுபட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினீர்கள். எழுதி அனுப்பினேன். இரண்டாம் முறை, 'காரணம்' என்ற இடத்தில் நான் எழுதியிருந்த 'பேச விடுவதில்லை' என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் 'எந்தத் தேதியில்?' என்று கேட்டுத் திருப்பினீர்கள். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தபோது, கடைக்காரனின் எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவீர்களே, அந்த முகம் தெரிந்தது.

இப்போது அதே மாடிக்கு என்னை அழைக்கிறீர்கள். அங்கே ஒரு தடவை வாசித்தவள்தான் நான். உங்களுக்கு மறந்திருக்கலாம், திறந்த மேடையில் பெயர் கொடுத்தவர்கள் பலர். எனக்கு மறக்கவில்லை.

கதை சின்னது. ஒரு பெண் காலையில் காபி போடுகிறாள். புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "சர்க்கரையைத் தலைதட்டிப் போடு" என்கிறான். அவள் அடுப்பை அணைக்கிறாள். வீட்டுச் சாவியை மேசைமேல் வைக்கிறாள். படியிறங்கிப் போகிறாள். அவ்வளவுதான். வாசித்துவிட்டுப் போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் சபை ஆரம்பித்தது.

"சர்க்கரைக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா?" என்று பெரிய டீச்சர்.

"எங்க பஸ்ல தினம் இப்படி நாலு பேர் கோச்சுக்கிட்டு ஏறுவாங்க டீச்சர். ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி எதிர் பஸ் பிடிச்சு வீட்டுக்கே போயிடுவாங்க. டிக்கெட் காசுதான் தண்டம்" என்று நம் கண்டக்டர் கவிஞர் 'இரண்டுவரி'. எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த ஆள் குடிக்கல, அடிக்கல. வாசகனுக்கு அவ மேலதான் கோபம் வரும்" என்று மருந்துக்கடைக்காரர்.

நான் திரும்பினேன். "அது சர்க்கரை இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"விதி ஏழு. எழுத்தாளர் பேசக் கூடாது" என்றீர்கள்.

பிறகு எழுந்து நின்று தொகுத்தீர்கள்: "முடிவு நம்பும்படியாக இல்லை என்பது சபையின் கருத்து."

வீட்டுக்கு நடந்து வரும்போது மைக் பெட்டி உங்கள் கையில் இருந்தது. "நான் என்ன சொல்ல வந்தேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன். "கூட்டந்தான் முடிஞ்சிடுச்சே" என்றீர்கள். மூன்றாவது வாரம் நான் சாவியை மேசைமேல் வைத்தேன். சபை நம்பாத முடிவை நம்ப வைக்க வேறு வழி தெரியவில்லை.

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்குத் திறந்த மேடையில் நீங்கள் வாசிக்க வேண்டும். சொந்தமாக எழுதியதை. வாசித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். விதிகளை எழுதியவர் நீங்கள். ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை.

குடையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

குட்டியின் அம்மா

---

ஜனவரி 27

குட்டியின் அம்மாவுக்கு,

முந்தைய கடிதத்தைச் செயலாளர் எழுதினார். இதைக் குட்டியின் அப்பா எழுதுகிறேன். ஆதலால் 'நீ' என்று எழுதுவதில் முறைப்பிழை இல்லை என்று கருதுகிறேன்.

தேதி கேட்டது ஏளனத்துக்காக அன்று. ஒரு கடையின் தராசு பொய் என்று எழுதுவதானால், எந்த நாளில், எந்தக் கல்லை வைத்து, எவ்வளவு குறைந்தது என்று எழுதவேண்டும். இல்லையேல் அது குற்றச்சாட்டு ஆகாது, பழிச்சொல். நீ குறிப்பிடும் மாலையை நான் ஏற்க இயலவில்லை. அன்று உனக்குச் செய்ததையே பெரிய டீச்சருக்கும் செய்திருக்கிறேன். அவர் தம் அண்ணனைப் பற்றி எழுதி வாசித்தபோது அழுதுகொண்டே திரும்பினார், அவரையும் பேச விடவில்லை. மனைவி என்பதற்காக உனக்கு ஒரு கல், ஊருக்கு ஒரு கல் என்று நான் வைத்துக்கொள்ள முடியாது.

வீட்டில் நீ பேசியதை நான் தடுத்ததாக நினைவில்லை. நீ பேசி முடித்த பிறகு திருத்தம் கூறியதுண்டு.

உன் நிபந்தனையை ஏற்கிறேன். திறந்த மேடைக்கான தாளில் என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டுவரி, "சார், உங்களுக்கும் ஏழு நிமிஷந்தானா, இல்ல கவர்மென்ட் கோட்டா ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். ஏழு நிமிடம்தான் என்றேன். அவன் சிரிப்புக்காகக் கேட்டான் என்பது பிறகு புரிந்தது.

என் தரப்பிலும் ஒன்று கூறவேண்டும். நான் எழுதுவதை நீ அமர்ந்து முழுமையாகக் கேள். கேட்ட பிறகும் விண்ணப்பத்தில் நீ எழுதிய காரணம் அப்படியே நிற்கும் என்று கருதினால், கதவு எண் எதையும் பாராமல் கையெழுத்திடுகிறேன். இதை எழுத்திலேயே தருகிறேன்.

இங்கு நலம். ஒருவருக்குச் சமைப்பதில் மட்டும் ஒரு சிக்கல். தினமும் சோறு மிஞ்சுகிறது. அளவுக் கிண்ணத்தை அலுவலகத்துக்கு எடுத்துச்சென்று சோதித்தேன். கிண்ணம் சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா

---

பிப்ரவரி 3

குட்டியின் அப்பாவுக்கு,

கிண்ணத்தை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று குட்டியிடம் போனில் சொன்னேன். அவள் விடுதியே அதிரச் சிரித்தாள். அப்புறம், "அம்மா, அப்பா பாவம்மா" என்றாள். "பாவந்தான்டி. நான் அதை எப்பவாவது இல்லைன்னேனா?" என்றேன். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். உங்களுக்கு வாரா வாரம் எழுதுகிறாளாமே. அவள் கடிதத்தில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவதை மட்டும் இனி நிறுத்துங்கள். அவள் என்னிடம்தான் சொல்கிறாள், உங்களிடம் சொல்லமாட்டாள்.

இங்கே வேலை அதிகம். நாள் முழுக்க, வாயை அகலத் திறந்துகொண்டு ஒரு வார்த்தை பேச முடியாமல் படுத்திருப்பவர்களின் பக்கத்தில் நிற்கிறேன். டாக்டர் குடைந்துகொண்டே, "வலிக்குதா?" என்று கேட்பார். அவர்கள் "ஆ... ஆ..." என்பார்கள். "வலிக்கலையாம்" என்று அவரே என்னிடம் சொல்வார். முதல் மாதம் சம்பளம் வாங்கினபோது, இந்த வேலைக்கு எனக்கு முன்அனுபவம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். கோபிக்காதீர்கள். எழுத வந்துவிட்டது, அடிக்க மனசில்லை.

நீங்கள் எழுதுகிறீர்கள் என்பது எனக்கு உள்ளூர என்னவோ செய்கிறது. அதனால் ஒரே ஒரு யோசனை. பத்திகளுக்கு எண் போடாதீர்கள். நீங்கள் நினைத்ததை எழுத வேண்டாம். காதில் விழுந்ததை எழுதுங்கள். என்னையும் யாரோ ஒருவர் அப்படித்தான் எழுதச் சொன்னார். அதிலிருந்துதான் கொஞ்சம் எழுத வந்தது.

நீங்கள் எழுத்தில் கொடுத்த வாக்குக்கு நன்றி. பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கேட்பேன். ஒரு சொல் விடாமல் கேட்பேன். அது சத்தியம்.

ஆறு மணிப் பேருந்தில் வருவேன்.

குட்டியின் அம்மா

---

பிப்ரவரி 14

குட்டியின் அம்மாவுக்கு,

எழுதி முடித்துவிட்டேன். 'அரைக் கிண்ணம்' என்று தலைப்பு. ஆறரை நிமிடம் வருகிறது. பத்திகளுக்கு எண் இட்டிருந்தேன். உன் கடிதம் வந்ததும் அழித்தேன்.

காதில் விழுந்ததை எழுதச் சொன்னாய். சாப்பாட்டு மேசையில் அமர்ந்து முயன்றேன். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் விழுந்தது. மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுப்பது விழுந்தது. உன் குரலும் நன்றாக நினைவிருக்கிறது. எந்த அறையிலிருந்து எப்படிக் கேட்கும் என்பதுகூட நினைவிருக்கிறது. நீ பேசிய வாக்கியங்கள்தாம் எவையும் முழுமையாக நினைவுக்கு வரவில்லை. தவறாக மேற்கோள் காட்டுவதைக் காட்டிலும் விட்டுவிடுவதே முறை என்று விட்டுவிட்டேன். அதனால் கதைக்குக் குறை நேர்ந்ததாகத் தோன்றவில்லை.

குட்டியின் கடைசிக் கடிதத்தில் நான்கு பிழைகள் இருந்தன. திருத்தவில்லை. இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்துவிட்டு மடித்து வைத்தேன்.

கூட்டம் முடிய நேரமாகும். அதன்பின் பேருந்து பிடிப்பது சிரமம். ஆகவே வீட்டுச் சாவியின் மறுபிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். களைப்பாக இருந்தால் நேரே வீட்டுக்கு வந்து இளைப்பாறிவிட்டுக் கூட்டத்துக்கு வரலாம். கூட்டத்துக்குப் பிறகும் வரலாம். இது நிபந்தனை அன்று. பூட்டு மாற்றப்படவில்லை. உள்ளே நுழைந்ததும் விளக்குப் பொத்தான் இடப்பக்கம். உனக்குத் தெரியும்.

சர்க்கரை டப்பாவை நிரப்பி வைத்திருக்கிறேன். அளவுக் கரண்டியை உள்ளே போட்டு வைக்கவில்லை.

குடையை யாருக்கும் கொடுக்கவில்லை.

எதிர்நோக்கி,
குட்டியின் அப்பா

---

பிப்ரவரி 22

குட்டியின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். அதனால் சபையின் முகங்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன். சொல்கிறேன்.

முதலில் கதையைப் பற்றி. நன்றாக இருந்தது. இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை. ஒரு மனிதன் தனக்கு மட்டும் அரைக் கிண்ணம் அரிசி அளக்கிறான், பழக்கத்தில் கை ஒன்றரைக்குப் போகிறது, திரும்பக் கொட்டுகிறான், இரண்டு அரிசி மணி கீழே விழுகிறது, குனிந்து பொறுக்குகிறான்... அந்த இடத்தில் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்று கையில் வைத்திருந்த சாவியை நான் பைக்குள் போட்டுக்கொண்டேன். கூட்டத்துக்கு அப்புறம் இந்த ஆளோடு வீட்டுவரை நடந்தால் என்ன என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை. நினைத்தேன்.

அப்புறம் உங்கள் கதையில் அவள் திரும்பி வருகிறாள். கதவு திறக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே அடுப்படிக்குப் போகிறாள். அரிசி டப்பாவை எடுத்து, ஒன்றரைக் கிண்ணம், தலைதட்டி அளக்கிறாள். முடிந்தது.

நீங்கள் நாற்காலிக்குப் போனீர்கள். சபை எழுந்து நின்று கை தட்டியது.

பெரிய டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மனுஷன்கிட்ட வராம எங்க போவா? வந்துதானே ஆகணும்? எவ்வளவு இயல்பா முடிச்சிருக்கார்!"

"அவ பேசாம வர்றா பாருங்க, அங்கதான் சார் கதையே நிக்குது. பேசியிருந்தா கெட்டிருக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ரெண்டே வரில சொல்லட்டுமா? போனவ வந்தா, போட்டா சாப்பாடு" என்று இரண்டுவரி. அது கவிதையா என்று யாரோ கேட்டார்கள். கவிதைதான் என்றான்.

நான் போனது இந்தச் சபைக்கு நம்பும்படியாக இல்லை. நான் திரும்பி வருவதாக நீங்கள் எழுதினது நம்பும்படியாக இருக்கிறது. அதே மாடி. அதே ஆட்கள். இரண்டு கதையிலும் அதே தலைதட்டு.

எனக்குக் கோபம்கூட இல்லை. உங்களிடம் ஒன்று சொல்லத்தான் தோன்றியது. கையைத் தூக்கினேன். தலைவர் தலையாட்டினார். "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று எழுந்தேன்.

நீங்கள் திரும்பக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "சிறப்பு எழுத்தாளர் கலந்துரையாடலில் பேசக் கூடாது. விதி ஏழு."

வாய் திறக்கக் கூடாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் வாயை மூடுவதற்காக வாய் திறந்தீர்கள். சபையில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர், "ஆமாம்மா, சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையமர்த்தினார்.

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: நல்லா இருக்குங்க. ஆனா அவளை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம். இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருவேளை கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கும் வந்திருப்பேன்.

அடுத்து என் முறை. புதுப் புத்தகத்திலிருந்து வாசிக்கத்தான் வந்திருந்தேன். மைக் முன்னால் நின்றதும் பழைய கதைதான் வாயில் வந்தது. காகிதமே தேவைப்படவில்லை. காபி, சர்க்கரை, அடுப்பு. மீதியை நீங்களே பார்த்தீர்கள். கடைசி இரண்டு வரியை நான் வாசிக்கவில்லை. பையிலிருந்து உங்கள் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். படியிறங்கினேன்.

பாதிப் படியில் இருக்கும்போது மேலே கைதட்டல் கேட்டது. எவ்வளவு பலமாகத் தட்டுகிறார்கள்!

மூன்றாவது முறையாக விண்ணப்பத்தை இத்துடன் அனுப்புகிறேன். கதவு எண் எழுதியிருக்கிறேன். காரணம் அதேதான். தேதி எழுதவில்லை.

குட்டியின் அம்மா

---

பிப்ரவரி 26

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதமும் விண்ணப்பமும் நேற்று வந்தன.

நீ படியிறங்கிய பிறகு நடந்தவை உனக்குத் தெரியாது. நீ எனக்குக் கூறியதுபோல் நானும் உனக்குக் கூறுவதே முறை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நீ கீழே நின்றுகொண்டிருக்கிறாய், இப்போது மேலே வந்து வணங்குவாய் என்று நினைத்தார்கள். இரண்டுவரி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பஸ்ஸே ஏறிட்டாங்க சார்" என்றான். "அடடா, முடிவை நடிச்சே காட்டிட்டாங்களே" என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு, ஒழுங்குமுறைப்படி, கலந்துரையாடல் தொடங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலி காலியாக இருந்தது. யாருக்கும் அது தடையாக இல்லை. முடிவு பிரமாதம் என்றார்கள். முன்பு கேட்ட கதை போலிருக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, "அப்போ முடிவு சரியா வரல. இப்போ திருத்தி எழுதியிருக்காங்க" என்றார் தலைவர்.

பெரிய டீச்சர் மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் மெல்லக் கேட்டார்:

"சார், அது நிஜச் சாவிங்களா?"

"நிஜம்தான்" என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

தொகுப்புரைக்காகத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், அந்த ஒரு வரி?" எழுந்து நின்றேன். சபை காத்திருந்தது. எனக்கு வாக்கியம் அமையவில்லை. அமர்ந்துவிட்டேன். தொகுப்புரை இல்லாமல் கூட்டம் முடிந்தது வட்டத்தின் வரலாற்றில் இதுவே முதல் முறை. சார் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இனி, விதி ஏழு பற்றி. அதை நான்தான் எழுதினேன். எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எனினும் எடுத்துப் பார்த்தேன். 'வாசித்த எழுத்தாளர் தம் படைப்பு பேசப்படும்போது' என்றே இருக்கிறது. நீ கை உயர்த்தியபோது பேசப்பட்டது உன் படைப்பு அன்று, என்னுடையது. நீ அன்று அதுவரை வாசித்திருக்கவும் இல்லை. பேசக் கூடாதவன் நான். பேசும் உரிமை இருந்தது உனக்கு. நான் மேற்கோள் காட்டியது வட்டத்தின் விதி அன்று. அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

இருபத்தாறு ஆண்டுகளாகக் கடைக்காரர்களின் கல்லைத் திருப்பிப் பார்க்கிறேன். அடியில் குடைந்திருக்கும்; மேலே முத்திரை ஒழுங்காக இருக்கும். கையும் களவுமாகப் பிடித்தால் ஒவ்வொருவரும் ஒன்றையே கூறுவார்கள்: "எனக்குத் தெரியாதுங்க சார், இது எப்பவும் இருக்கிற கல்லுதான்." அவர்கள் பொய் கூறுவதாகவே இதுவரை எண்ணியிருந்தேன்.

நீ கூற நினைத்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். பத்துச் சொற்களுக்குள் முடிந்துவிடுகிறது. கேட்டிருந்தால் ஒரு மூச்சு நேரம் ஆகியிருக்கும். நீ முதன்முதலாக வாசித்த அந்த மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்டாயே, நான் என்ன சொல்ல வந்தேன் என்று கேட்கமாட்டீர்களா என்று. அதை இப்போது கேட்கலாமா என்று இங்கே ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். உன்னைப் பதில் எழுத வைப்பதற்கான பத்தியாக அது இருந்தது. கிழித்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் உன் எழுத்து நிற்கிறது. பக்கத்தில் தேதிக்கு இடம் விட்டிருக்கிறாய். தேதி கேட்டவன் நான், நிரப்பவேண்டியவனும் நானே. 'பிப்ரவரி 21, மாலை' என்று மையால் எழுதியிருக்கிறேன். நடந்ததற்கு ஒரு சபையே சாட்சி. சபை மறந்துவிடும். ஆதலால் கீழே, 'நேரில் கேட்டவன்' என்று எழுதி, என் கையெழுத்தையும் இட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கத்தில், கணவன் கையெழுத்திடவேண்டிய இடத்திலும் இட்டுவிட்டேன்.

உன் முகவரியில் தெருப் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. தபால்காரருக்கு அது தெரியும். அப்படியே இருக்கட்டும்.

அஞ்சல் நிலையம் ஒன்பது மணிக்குத் திறக்கும். இந்தக் கடிதத்தை மடித்து, விண்ணப்பத்துடன் உறையில் வைத்து ஒட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, நடந்தே போகப்போகிறேன். வானம் இருட்டியிருக்கிறது, போவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். கதவுக்குப் பின்னாலிருந்து உன் குடையை எடுத்துக்கொள்வேன். தாள் நனையக் கூடாது.

குட்டியின் அப்பா